கடலோரத்தில் வீடு வாங்கலாமா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப அமர்வில், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வைப் புகழ்ந்து, நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் மஹல்லாவில் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு அலுவலகத்துக்கு வந்து போகின்றனவாம். வருவது நியாயம்தான். திருவல்லிக்கேணிச் சந்துகளில் இரண்டு அறையில் மூன்று தலைமுறை இருக்கிறோம். மாடிப்படி ஏற அத்தாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முட்டுக்காடு வரை போய்வருகிறோம். காற்று, அமைதி, தென்னைமரம். மனசு அங்கேயே தங்கிவிடுகிறது. திங்கட்கிழமையே புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

இங்கே நான் பேசுவது நீலாங்கரையிலிருந்து ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு வழியாகக் கோவளம் வரையுள்ள பகுதியைப் பற்றி. வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள். வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். ஆண்கள் காலையில் கிளம்பி இரவு வருகிறோம். அந்த அமைதியில் பகல் முழுக்க இருக்கப்போவது அவர்கள்தான். இங்கே ஒரு தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் எதிர்க்கடை. காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு ராத்தா கஞ்சி கொண்டுவந்து தருவார். அங்கே கேட் பூட்டிய பண்ணை வீடுகளுக்கு நடுவில் ஒரு வீடு. பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வருவார், அல்லது வாடகைக்கு விடுவார். வாடகைக்கு எடுப்பவர்கள் சனிக்கிழமை இரவு பாட்டுப் போட்டுக் கூத்தடிப்பார்கள். இதுவும் அந்த அமைதியான இடத்தில்தான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீடு வாங்கிப் போய், பதினான்கு மாதத்தில் மறுபடி இராயப்பேட்டையில் வாடகைக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. உம்மாவால் பேச ஆள் இல்லாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிவாசல் எத்தனை தூரம், பிள்ளைகளுக்கு மதரஸா உண்டா, எந்த ஜமாஅத்தில் சேருவோம், மையவாடி எங்கே? வீடு பார்க்கப் போகும்போது இதைக் கேட்க நமக்குக் கூச்சம். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் பழைய முஸ்லிம் குடியிருப்பும் இருக்கின்றன. ஆனால் திருவல்லிக்கேணியிலிருந்து கோவளம் 30 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வாங்குபவர்கள் ஐவேளைத் தொழுகைக்குப் போகும் தூரத்தைக் கால்நடையாகவே நடந்து பார்க்க வேண்டும். அங்குள்ள மீனவக் குப்பத்து மக்களையும் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். அந்தக் கடற்கரையில் வலை காய்வதும் படகு நிற்பதும் நாம் வருவதற்கு முன்பிருந்தே நடப்பவை. கடல் உள்ளே வருகிறதா, மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று அவர்களைவிடச் சரியாகச் சொல்பவர்கள் யாரும் இல்லை. 2004 டிசம்பர் 26 அவர்களுக்குச் செய்தி அல்ல, அனுபவம்.

இனித் தண்ணீர். கடலோர மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு படலமாக உப்புநீர் மேல் மிதக்கிறது. அந்த நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். நீங்கள் உறிஞ்சாவிட்டாலும் பக்கத்து ரிசார்ட் உறிஞ்சினால் உங்கள் கிணறும் கரிக்கும். அதனால் டிசம்பர் மாதம் போய், ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "இளநீர் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மழை முடிந்ததும் எல்லாக் கிணறும் இனிக்கும். மே மாதத்துத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை இந்தியத் தரநிர்ணயம் விடுகிறது. அதற்கு மேல் என்றால் வாழ்நாள் முழுக்க லாரித் தண்ணீர்தான், அந்தச் செலவை வீட்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். "நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே" என்று புரோக்கர் சொல்வார். 2013 முதல் இருக்கிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. குழாய் சாலையோரம் போவது வேறு, உங்கள் தெருவுக்கு இணைப்பு வருவது வேறு. உத்தண்டி வரைதான் சென்னை மாநகராட்சி. கானத்தூரிலிருந்து ஊராட்சி. குப்பை, கழிவுநீர், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் கேட்கவேண்டிய இடம் மாறிவிடும்.

கட்டடத்தைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒன்று மட்டும். உப்புக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும், கான்கிரீட் குறைந்தது எம்30 தரம் என்கிறது ஐ.எஸ். 456. ஊருக்குள் தளம் போடுகிற வழக்கத்திலேயே அங்கும் 20 மில்லிமீட்டர் விட்டுக் கட்டியிருந்தால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரை பெயர்ந்து விழும். கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காமல் பால்கனி அடிப்பக்கத்தையும் மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழேயும் அண்ணாந்து பாருங்கள். அங்கே பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கழிமுகம் பார்த்த மனை என்று முட்டுக்காட்டில் விற்கிறார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காட்டில்தான் கடலுக்குப் போகிறது. நகரத்தில் கொட்டினால் அங்கே தண்ணீர் உயரும். 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுச் சுவரில் நீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சட்டமும் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்டது. அலையேற்றம் எட்டும் கழிமுகத்துக்கும் கால்வாய்க்கும் அது பொருந்தும், கடலுக்கு மட்டும் அல்ல. சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று கடலோர மண்டல வரைபடத்தில் பார்க்காமல், "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறது" என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம்மில் பலர் வட்டிக்குப் பயந்து வங்கிக் கடன் வாங்குவதில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்த உறுதியை அல்லாஹ் நிலைக்கச் செய்யட்டும். ஆனால் கடன் கொடுக்கும் வங்கி நமக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் வழக்கறிஞர் 30 வருடப் பத்திரங்களைப் படிக்கிறார். அதன் பொறியாளர் இடத்தை அளந்து பார்க்கிறார். சரியில்லை என்றால் கடன் இல்லை. கைக்காசு கொடுத்து வாங்கும் நமக்கு அந்தத் தடுப்பு இல்லை. கேள்வி கேட்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுப்பவர் என்பதாலேயே சிக்கலான சொத்துகள் நம்மைத் தேடி வருகின்றன. வங்கி கழித்துவிட்ட மனையை "கேஷ் பார்ட்டிக்கு மட்டும்" என்று விலை குறைத்துச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் குறைந்த விலையைப் பரக்கத் என்று நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வட்டியை விடுகிறவர் வக்கீல் செலவை விடக்கூடாது. விற்பவருக்கோ புரோக்கருக்கோ வேண்டியவராக இல்லாத வழக்கறிஞராகப் பார்த்து, மூலப் பத்திரத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். நம்மவர்கள் வாய்மொழியாகச் செய்யும் ஹிபா அதில் வராது. முஸ்லிம் குடும்பத்திடமிருந்தே வாங்கினால் வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, பெண்மக்கள் எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட வீட்டை வாங்கினால், ஒரு சகோதரியின் ஃபராயிள் பங்கில் நாம் குடியிருப்போம். வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது எப்படிப்பட்ட வீடு? சர்வே எண் வக்ஃப் சொத்துப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வக்ஃப் நிலத்தின் விற்பனையைப் பதிவு செய்ய மறுக்கப் பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு சார்பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் வீடோ வீட்டுமனையோ வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. கடற்கரைச் சாலைக்கு மேற்கே தோப்பு என்றும் ஃபார்ம் என்றும் விற்பவை பல இந்த வகை.

"சரி, நீங்கள் வாங்குவீர்களா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும், இரண்டு பேரும் நடமாடும் உடம்போடு, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், மே மாதத்திலும் கரிக்காத தண்ணீர் உள்ள வீடு கிடைத்தால் வாங்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் படுக்கையில் இருக்கும் பெரியவரும் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். அவர்கள் முதலில் ஒரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு ரமலான் அங்கே கழியட்டும். தராவீஹ் முடிந்து இரவு எப்படித் திரும்புகிறீர்கள், ஸஹர் நேரத்தில் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். இஸ்திகாராத் தொழுங்கள், வீட்டுப் பெண்களோடு மஷூரா செய்யுங்கள்.

யாருக்காவது பத்திரம் பார்க்க வேண்டியிருந்தால் நகலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் இருப்பேன். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வரவேண்டாம், அதற்கு முன்னால் வாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.