வலிப்பு: மறைக்க வேண்டிய நோயல்ல

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் நம்மிடம் வந்தார். மகளுக்குச் சிறு வயது முதல் வலிப்பு. மாத்திரை சாப்பிட்டதால் நான்கு வருடம் வராமல் இருந்தது. நிக்காஹ் பேசும்போது சொல்லவில்லை. மாமியார் வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்றாம் வாரம் அடுப்படியில் விழுந்து கை வெந்துவிட்டது. மறைக்கும்படி அவளைப் பயமுறுத்தியவர்கள் நாம்தான்.

வலிப்பு ஜின்னாலோ சூனியத்தாலோ வருவதல்ல, தொற்றுவதுமில்லை. மூளை நரம்புகளின் மின் ஓட்டம் திடீரென ஒழுங்கு தவறுவதால் வருகிறது. உலகில் சுமார் 5 கோடி பேருக்கு இது உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் 100-இல் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வலிப்பு வரும்போது ஆடை விலகிவிடுகிறதே என்று ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. பொறுமைக்குச் சொர்க்கம் உண்டு என்றறிந்து அவர் பொறுமையையே தேர்ந்தார்; ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். நபியவர்களும் துஆ செய்தார்கள்.

ஆகவே நம் கண்முன் ஒருவர் விழுந்தால் கூட்டத்தை விலக்கி, ஆடையைச் சரிசெய்யுங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட வேண்டாம். பள்ளிவாசல் ஹவுளில் உளூ செய்யும்போது ஒருவர் துணை நிற்கட்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. ரமலானில் தூக்கம் குறைந்து, மாத்திரை நேரமும் மாறினால் வலிப்பு வரலாம். நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருந்தை நாமாக நிறுத்தவே கூடாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

பெண் வீட்டாரே, பேச்சிலேயே உண்மையைச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே, கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பெண் இப்போது கணவர் எடுத்துக் கொடுக்க மாத்திரை சாப்பிடுகிறாள். அல்ஹம்துலில்லாஹ்.