கொழும்பின் எண்சுவடி



அந்நாளைத் திண்ணைப் பள்ளியிலே பிள்ளையின் கையில் அரிச்சுவடியோடு எண்சுவடியையும் கொடுப்பார்கள். கொழும்பு மாநகரம் எனக்கு எண்சுவடியைத்தான் முதலில் கொடுத்தது. அதைப் பற்றிச் சில நிமிடங்கள் உங்களோடு பேசலாமென்று எண்ணுகின்றேன்.

2002ஆம் ஆண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றுகொண்டிருந்தேன். போர்நிறுத்தம் வந்து, ஏப்ரல் மாதத்தில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அதுவரை கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். முகமாலையில் ஒரு சோதனை, ஓமந்தையில் ஒரு சோதனை, வவுனியாவிலிருந்து புகையிரதம். இப்படித்தான் முதன்முதலாகக் கோட்டை நிலையத்தில் இறங்கினேன்.

போன காரணம் ஆய்வுக்கட்டுரை. சுன்னாகத்திலிருந்து 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியின் பழைய இதழ்களைப் பார்க்கவேண்டும். சுன்னாகம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஆனால் 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின அல்லவா? சைக்கிள் தூரத்தில் அச்சானதைப் படிக்க 400 கிலோமீற்றர் போகவேண்டியிருந்தது. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடமும், 1877இல் தொடங்கிய நூதனசாலையின் நூலகமும் இருந்தன.

தங்கியது வெள்ளவத்தையில், பெரியம்மா வீட்டில். முதல்நாட் காலையில் அவர் சொன்ன புத்திமதி இன்றும் காதில் ஒலிக்கின்றது: "தம்பி, பஸ்ஸிலை கனக்கக் கதையாதை. நம்பரைப் பாத்து ஏறு. காசைக் குடுத்துப்போட்டு இடத்தின்ரை பேரை மட்டும் சொல்லு. ஐ.சி.யைச் சட்டைப் பையுக்கை வை."

அந்த அடையாள அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நாளில் எங்கள் பக்கத்து அட்டையில் சிங்களத்தோடு தமிழும் எழுதப்பட்டிருக்கும். தென்னிலங்கையிலே சிங்களம் மட்டும். பெயரை வாசிக்குமுன்பே அட்டை எங்களை அடையாளம் காட்டிவிடும். சமாதான காலந்தான், என்றாலும் பயம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருக்கவில்லை.

பஸ்ஸின் நெற்றியிலே பெரிய எழுத்துகள் சிங்களத்தில் இருக்கும். தமிழ் ஒரு மூலையில் சிறுத்திருக்கும், பலவற்றில் அதுவுமில்லை. ஆனால் இலக்கம் எல்லார்க்கும் பொது. 100 என்றால் பாணந்துறை, 101 என்றால் மொறட்டுவை, 138 என்றால் நுகேகொடை வழியாக மகரகமை. எழுத்தறியாதவன் எண்ணைப் பிடித்துக்கொண்டு நகரத்தைக் கற்றேன். எனக்குரிய வாய்பாடு 155. தெகிவளைப் பக்கமிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தும்முல்லைச் சந்தி, நகர மண்டபம், மருதானை என்று நகரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மட்டக்குளி வரை போகின்ற பஸ் அது.

முதல்நாள் நான் நீட்டியது நூறு ரூபாய்த் தாள். நடத்துநர் ரிக்கற்றின் பின்புறத்தில் மிச்சக் காசைப் பேனாவால் எழுதித் தந்துவிட்டு நெரிசலில் மறைந்தார். தும்முல்லையில் இறங்கும்போது அதைக் கேட்கவேண்டும். கேட்பதற்கு எனக்கு மொழியில்லை. தமிழில் கேட்கத் துணிவில்லை. பேசாமல் இறங்கினேன். அவர் மீது குற்றமில்லை. வாய் திறவாதவனுக்கு எவர் மிச்சம் கொடுப்பார்? அன்றிரவே பெரியம்மாவிடம் பாடமாக்கிய முதற் சிங்களத் தொடர் "இத்துரு சல்லி". எங்கள் சல்லிக்காசுக்கு அந்தச் சல்லி உறவாயிருக்குமென்று அப்பொழுதே ஓர் ஐயம் பிறந்தது. தமிழ் மாணவன் அல்லவா, பசித்தாலும் சொல்லாராய்ச்சி விடாது!

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நெரிசலில் மணியடிக்கக் கை எட்டவில்லை. தும்முல்லை போய்விட்டது, நகர மண்டபமும் போய்விட்டது. வருவது வரட்டுமென்று இருந்துவிட்டேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளவத்தையில் ஏறும்போது ஓரளவு உரக்கப் பேசியவர்கள், பம்பலப்பிட்டி தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்கள். நடுவழியில் அதே ஆட்கள் ஊமைகள். மருதானை கழிந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பியதுமோ தமிழ் மறுபடியும் வாய்திறந்தது. மலையகத் தமிழ், முஸ்லிம் மக்களின் தமிழ், எங்கள் இழுவைத் தமிழ், இடையிடையே சிங்களம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். முன்னிருக்கையில் ஒரு தாய் மகனை உரத்துப் பேசினாள். திட்டுத்தான்! ஆயினும் அதைக் கேட்க எனக்குத் தேன்போலிருந்தது. மொழிநூலார் வட்டார வழக்குக்கு வரைபடம் வரைவார்கள். மொழியின் அச்சத்துக்கு ஒரு வரைபடம் வரைவதானால் அந்த 155இன் பாதையையே வரையலாம்.

மட்டக்குளியில் இறங்கி விசாரித்து நடந்தேன். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் பிறந்தவனுக்கு அது பாடநூலிலிருந்த காட்சி. அன்று சுவடிகள் கூடத்துக்குப் போகவில்லை.

அதன்பிறகு வேண்டுமென்றே வழிதவறினேன். 1899 முதல் 1960 வரை ட்ராம் வண்டி ஓடிய கிராண்ட்பாஸ் வீதியில், வீரகேசரி அலுவலகத்தைப் பார்ப்பதற்காகவே இறங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து கடலோரப் புகையிரதத்தில் கோட்டைக்குப் போய், செட்டியார் தெருப் புத்தகசாலைகளில் வாங்கக் காசில்லாமல் நின்றபடியே வாசித்தேன். மாலையில் தமிழ்ச் சங்க நூலகம். ஆறு வாரத்தில் நான்கு கொப்பிகள் நிறையப் பென்சிலால் பிரதிபண்ணினேன். சுவடிகள் கூடத்தின் மின்விசிறிக் காற்றில், சுன்னாகத்தில் அச்சான தாள்களைத் தடவிப் பார்த்தபோது, எங்களூர் ஆச்சி ஒருவரை அந்நிய வீட்டில் கண்டதுபோல் இருந்தது.

இப்பொழுது யாழ்தேவி மீண்டும் ஓடுகின்றது. 2014 ஒக்டோபரிலிருந்து யாழ்ப்பாணம் வரை வருகின்றது. பழைய பத்திரிகைகள் பலவற்றை 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உயர்தர வகுப்பு மாணவனொருவன் அண்மையில் கேட்டான்: "சேர், போனிலை வாற பேப்பரைப் பாக்கவோ நீங்கள் அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

சிரித்துவிட்டு, மறுநாள் அந்தக் கொப்பிகளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதற் கொப்பியின் நடுவிலிருந்து ஒரு ரிக்கற் விழுந்தது. அவன் குனிந்து எடுத்துப் பின்புறத்தைத் திருப்பினான். மை மங்கிவிட்டது. தொண்ணூறு சொச்சம் ரூபாய் என்று மட்டும் தெரிந்தது.

"சேர், இதென்ன கணக்கு?" என்றான்.