கடல் கடக்கும் காரும் கரையில் செய்யும் ஆயத்தமும்

கரைவலை வளைப்போர் கடலைக் கண்டவுடன் தோணியைத் தள்ளிவிடுவதில்லை. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் வழியாக அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் கரையிலே பிறந்தவர் எவரும் இதனை அறிவர். வலையின் கிழிசல் பொத்தப்பட்டதா, கயிறு நைந்திருக்கிறதா, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது என்பவற்றை முதலிற் பார்ப்பர். வலை இழுபடுவது சில மணி நேரம். அதற்குரிய ஆயத்தமோ பல நாள். கரையில் விட்ட பிழைக்குக் கடலிற் பரிகாரம் தேட முடியாது.

நேயர்களே, இக்கால இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ள மோட்டார்ப் பந்தயத்துக்கும் இவ்விதி பொருந்தும். சில நண்பர்கள் ஒன்றுகூடி, தாமே மாற்றியமைத்த காரைக் கப்பலேற்றி, வேறொரு நாட்டில் ஓட்ட முற்படும்போது அது இருமடங்காகப் பொருந்தும்.

பந்தயக்காரர் இருவகையினர். ஊதியம் பெற்று ஓட்டுவோர் ஒருவகை. பகலில் கடையிலோ காரியாலயத்திலோ வேலை பார்த்து, இரவில் காரேஜின் விளக்கொளியிற் கையில் எண்ணெய் படிய உழைத்து, கைப்பணத்தைச் செலவிட்டு, விருப்பம் ஒன்றுக்காகவே ஓட்டுவோர் மற்றொரு வகை. இவ்விளையாட்டின் வரலாற்றிற் பல நல்ல அத்தியாயங்கள் இவ்விரண்டாம் வகையினரால் எழுதப்பட்டவை. இன்று உலகப் புகழ் பெற்றுள்ள மக்காவோப் பந்தயம், 1954ஆம் ஆண்டில் உள்ளூர்க் கார்ப் பிரியர் சிலர் நகர வீதிகளில் ஒரு புதையல் வேட்டை விளையாட்டு நடத்த எண்ணியதிலிருந்து பிறந்தது. யோசனை கேட்கப் போன இடத்தில், அவ்வீதிகள் முழுமையான பந்தயத்துக்கே ஏற்றவை என்று கூறப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நடைபெற்ற முதற் பந்தயத்தில், எடுவார்டோ டி கார்வால்யோ என்பவர் டிரயம்ப் கார் ஒன்றில் வெற்றி பெற்றார்.

நமது பக்கத்திலும் இத்தகைய வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்திலும், இலங்கையின் தென்மேற்கே களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையிலும், இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளங்கள் அமைக்கப்பட்டன. போர் முடிந்தது, போர் விமானங்கள் போயின, பந்தயக் கார்கள் வந்தன. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியோ 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. சோழவரத்தில் ஓடிய வண்டிகளிற் பல, வீட்டு வாசலில் நிற்கும் ஃபியட், அம்பாசடர், ஹெரால்ட் முதலிய குடும்பக் கார்களே. இலங்கையிலிருந்தும் பந்தயக்காரர் கடல் கடந்து அங்கே சென்று போட்டியிட்டனர்.

குடும்பக் காரைப் பந்தயக் காராக்குவது எவ்வாறு? எஞ்சினின் வலுவைக் கூட்டுவதே முதல் வேலை என்று இளைஞர் எண்ணுவர். அனுபவசாலியான மெக்கானிக் நிறுத்தும் சக்தியிலிருந்தே தொடங்குவார். பிரேக்கும் டயரும் தாங்காத வேகத்தை எஞ்சினுக்குக் கொடுத்துப் பயனில்லை. அடுத்து, எடையைக் குறைப்பர். பின் ஆசனம், தரைவிரிப்பு, கதவின் உள்மெத்தை ஆகிய யாவும் கழற்றப்படும். கழற்றிய எடையில் ஒரு பகுதியை வேறு வடிவில் மீண்டும் ஏற்றுவர். காரினுள்ளே இரும்புக் குழாய்களாற் கூடு ஒன்று அமைக்கப்படும். கார் புரண்டாலும் கூரை நசுங்காமற் காப்பது அக்கூடே. ஓட்டுநரை ஆசனத்தோடு பிணைக்கும் பல முனைப் பட்டி, தீயணைக்கும் கருவி, வெளியிலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடிய விசை ஆகியனவும் சேர்க்கப்படும். இவற்றின் பின்னரே எஞ்சினின் முறை வரும்.

எஞ்சினில் எரிபொருட் கலவையை மேலும் இறுக்கி அமுக்கினால் வலு கூடும். ஆனால் அதற்கேற்ற ஒக்டேன் எண் கொண்ட பெற்றோல் வேண்டும். இல்லையேல் எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டனே உடைந்து போகலாம். ஆகவே, போகும் நாட்டில் எவ்வகைப் பெற்றோல் கொடுக்கப்படும் என்பதை அறியாமல் இங்கே எஞ்சினைத் திருத்துவது, அளவெடுக்காமற் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

இதனாலேயே பயணத்துக்கான முதற் கருவி ஸ்பானர் அன்று, விதிப்புத்தகம். எந்த வகுப்பில் ஓடுவது, எவ்வளவு எடை இருக்க வேண்டும், எந்தப் பாகத்தை மாற்றலாம், எதனைத் தொடலாகாது என்பவற்றை அதுவே கூறும். பரிசோதகர் ஒரு சிறு குறையைக் கண்டாலும் கார் ஓடாது. அத்தனை கடலும் வீணாகக் கடந்ததாக முடியும். மேலும், ஓட்டுநருக்குப் போட்டி அனுமதிப்பத்திரம் வேண்டும். பிறநாட்டில் ஓடுவதற்குத் தாய்நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பின் சம்மதம் வேண்டும். காரைத் தற்காலிகமாகக் கொண்டு சென்று திருப்பிக் கொண்டு வருவதற்கான சுங்கப் பத்திரமும் வேண்டும். குறித்த காலத்தில் கார் திரும்பாவிடின் தீர்வை கட்ட நேரும். கப்பலேற்றுமுன் எரிபொருட் தாங்கியை வெறுமையாக்குதல், பற்றறியின் இணைப்பைக் கழற்றுதல், உதிரிப் பாகங்களுக்குப் பட்டியல் எழுதுதல் என வேலைகள் நீளும்.

இவை யாவற்றையும் ஒருவனே செய்ய இயலாது. கரைவலையின் இரு கயிற்றையும் ஒருவன் இழுக்க முடியுமா? ஒருவர் எஞ்சினைக் கவனிக்க, ஒருவர் கணக்கெழுத, ஒருவர் பத்திரங்களைச் சேகரிக்க, ஒருவர் ஓட்டுகிறார். கைதட்டல் ஓட்டியவருக்கே கிடைக்கும். ஆயினும், சக்கரத்தின் நட்டை இறுக்கியவர்மீது வைத்த நம்பிக்கையாலேயே அவர் வளைவில் வேகத்தைக் குறைக்காமற் செல்கிறார். நண்பர் குழுவுக்கு இதனினும் பெரிய சோதனை வேறில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். சாதாரண மாருதிக் காரின் சிறிய எஞ்சினைக்கொண்டு, 1988ஆம் ஆண்டளவில் ஒற்றை ஆசனப் பந்தயக் காரை உருவாக்கி, செல்வந்தரின் ஆட்டத்தை மற்ற இளைஞருக்கும் எட்டச் செய்தார். அவ்வகைக் காரில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் உலகின் உச்சப் பந்தயமாகிய ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அண்மையில், 2025 ஜனவரியில், துபாயில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தம் குழுவோடு சென்றார் நடிகர் அஜித் குமார். பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காரோ சிதைந்தது, அவரோ காயமின்றி இறங்கி நடந்தார். சில நாட்களின் பின் அவருடைய குழு தன் வகுப்பில் மூன்றாமிடம் பெற்றது. அன்று அவரைக் காத்தவை கூடும் பட்டியும் ஆசனமும். அதாவது, எவரும் கைதட்டாத ஆயத்தம்.

ஆயத்தம் குறைந்தால் விளைவது யாது? மக்காவோவில் இருமுறை வென்ற பிலிப்பைன்ஸ் வீரர் டொட்ஜி லோரல், 1967ஆம் ஆண்டில் அதே வீதியில் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தார். தேர்ந்த கைக்கும் ஆபத்து உண்டு என்பதற்கு அது சான்று. 1968ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து சிட்னி வரை நடந்த நெடும் பந்தயத்தில், முடிவிடத்தை நெருங்கிய வேளையில் முன்னணியில் வந்த சிற்றோன் கார், எதிரே வந்த வேறொரு காருடன் மோதி நொறுங்கியது. இறுதியில் வென்றது ஹில்மன் ஹண்டர் என்னும் சாதாரணக் குடும்பக் கார். இனி, நமது தியத்தலாவையை எவர் மறப்பர்? 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, பொக்ஸ் ஹில் பந்தயத் திடலில் ஓடுபாதையை விட்டு விலகிய கார், அங்கு நின்றோர்மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு குழந்தையும் இருந்தது. ஓட்டுபவரின் உயிரைப் பாதுகாத்தால் மட்டும் போதாது. பார்க்க வந்தவரின் உயிரும் பந்தயம் நடத்துவோரின் பொறுப்பே.

பந்தயத் திடலிலேயே இவ்வாறென்றால், பொதுவீதியைப் பற்றி என்ன சொல்வது? அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வழியே மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதி ஊர்களின் நடுவே ஓடுகிறது. அதன் ஒருபுறம் பள்ளிவாசல், மறுபுறம் பாடசாலை. இடையிலே சைக்கிளில் வரும் வாப்பா, பிள்ளையின் கையைப் பிடித்துக் கடக்கும் உம்மா. அங்கே தடுப்புச்சுவரும் இல்லை, கொடி காட்டுவோரும் இல்லை, எதிரே எவரும் வரமாட்டார் என்னும் உறுதியும் இல்லை. அவ்வீதியில் ஒருவனோடொருவன் முந்துவதைப் பந்தயம் என்று அழைப்பது, அவ்விளையாட்டுக்கே இழிவு.

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞரை வெறுமனே கடிந்து பயனில்லை. எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் நோயைக் கூறும் கைத்திறன் இக்கரையோரக் காரேஜுகளில் உண்டு. வளைகுடா நாடுகளுக்குச் சென்று வேலை பழகித் திரும்பியோரும் உளர். அத்திறனைத் தொழில்நுட்பக் கல்வியாலே செம்மைப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற கழகங்களின் வழியே திடலுக்குக் கொண்டு செல்லலாம். முதற்படியாக ஒரு குழுவின் மெக்கானிக்காகச் சென்றாலும் இழுக்கில்லை. சக்கரத்தை இறுக்கக் கற்றவனே அதனைச் சுழற்றும் தகுதியைப் பெறுவான்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்னும் நபிமொழியின் கருத்தை இக்கரையின் சிறுவரும் அறிவர். கடல் கடந்து பந்தயம் ஓடச் செல்லும் நண்பர்களுக்கு அதுவே போதிய அறிவுரை. கட்டவேண்டிய பட்டியைக் கட்டுக; இறுக்கவேண்டிய நட்டை இறுக்குக; படிக்கவேண்டிய விதியைப் படிக்குக. அதன் பின்னர்க் கொடி விழட்டும். வென்றாலும் தோற்றாலும், சென்ற நண்பர் அனைவரும் ஒன்றாகத் திரும்பி வந்து, கரையில் நின்று தமக்காகக் காத்திருப்போரைக் காண்பரெனில், அப்பந்தயம் நன்றாக ஓடப்பட்டது எனலாம்.