கள்வனின் கண்ணால் காண்போம்

1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அதன்பொருட்டு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஹாப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர், திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்ற அறைகூவலுடன் அந்நகரக் கடையொன்றில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டைச் சாவியின்றியே திறந்து காட்டினார். அதற்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எந்தக் கள்வனுக்கு அத்துணைப் பொறுமை உண்டு? அவன் நல்ல பூட்டை நாடுவதில்லை. நம் அசட்டையையே நாடுகிறான்.

ஆதலின் இன்று மாலை உங்கள் வீட்டை வெளியே நின்று கள்வனின் கண்ணால் நோக்குங்கள். நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிகின்றனவா? கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருவேறித் தளர்ந்துள்ளதா? மதிலோரம் ஏணி சாத்தியிருக்கிறதா? மாடிக் கதவு இரவில் தாழிடப்படுகிறதா? பூந்தொட்டியின் அடியில் சாவி கிடக்கிறதா? கண்ட குறைகளை எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். அவற்றுட் பலவற்றைத் திருத்தப் பெருஞ்செலவு ஆகாது. வெளியூர் செல்லுங்கால் அச்செய்தியைக் கைப்பேசி வழியே ஊரறியப் பரப்பாதீர்கள். அண்டை வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் மட்டும் சொல்லிச் செல்லுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கள்வனைத் தடுக்கும் கதவு, தீப்பற்றிய வேளையில் உள்ளிருக்கும் பாட்டியின் கைக்கு எளிதில் திறப்பதாகவும் இருத்தல் வேண்டும். அதையும் இன்றே திறந்து பாருங்கள்.