அந்த அம்மா பேசவில்லை



திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலே பிறந்த நான், மெல்போர்னில் ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை நேரம் பார்த்து அனுப்பும் மென்பொருள் எழுதுகிறேன். அந்நாட்டில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973-லேயே வந்துவிட்டது.

என் முதல் புரோகிராம் மொழி, நேரம், தூரம் மட்டுமே பார்த்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனை. கம்ப்யூட்டர் ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டது. அம்மா வாயே திறக்கல. 'ஒன்றுமில்லை' என்று எழுந்து போயிட்டாங்க. என் கணக்கில் அது 'பணி முடிந்தது'!

எங்க அப்பத்தா அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனால் மகனை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிப்போவார். அது எனக்குத் தெரியாதா என்ன?

'ஆணா, பெண்ணா', 'எந்த ஊர்த் தமிழ்' என்று இரண்டு கட்டம் சேர்த்தேன். மூன்று வாரம் கழித்து அதே அம்மா, கூடவே ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர். அரைமணி ஒதுக்கியிருந்தேன், ஒன்றரை மணி பேசினாங்க. அடுத்த நோயாளி காத்துக் கிடந்தார். நேரக் கணக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று.