திருப்பூர் கணக்கில் விட்டுப்போன வரி

கோவை பீளமேட்டுப் பக்கம் எம்.பி.ஏ. படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "கேஸ் அனாலிசிஸ்னா கம்பெனி வளர்ந்த கதை நாலு பக்கம், ஒரு ஸ்வாட் கட்டம், கடைசியில பாராட்டு. இவ்வளவுதானுங்களே அண்ணா?"

இல்லைங்க. அதுக்குப் பேரு வெள்ளி விழா மலர்.

வரலாறை வேகமா சொல்லிடறேன். 1870-ல ஹார்வர்டு சட்டக் கல்லூரியில லாங்டெல்ங்கறவர் பழைய தீர்ப்புகளை வெச்சே பாடம் நடத்த ஆரம்பிச்சாரு. அதே ஹார்வர்டோட வணிகப் பள்ளி 1921-ல ஒரு செருப்புக் கம்பெனியோட சிக்கலை எழுதி மாணவர்கள் கையில குடுத்துச்சு. 1961-ல அகமதாபாத் ஐ.ஐ.எம். வந்தப்போ, ஹார்வர்டு கூட்டுறவோட இந்த முறையும் இங்க வந்துடுச்சு. வேர் எங்கன்னு பாருங்க, கோர்ட்டுல. வழக்குன்னா ரெண்டு தரப்பு இருக்கும், சாட்சியம் இருக்கும், முடிவுல ஒரு தீர்ப்பு இருக்கும்.

அதனால எழுதுற முறையும் அதேதான். முதல் பத்தியில முடிவெடுக்க வேண்டியவர் யாரு, எதைப் பத்தி, எப்போக்குள்ள. அடுத்து, கையில இருக்கிற வழிகள். ஒவ்வொரு வழிக்கும் வரவு என்ன, செலவு என்ன. கடைசியா உங்க தீர்ப்பும், அதை நடத்திக் காட்டுற விதமும். கம்பெனி வரலாறு அரைப் பக்கம் போதும்.

இப்போ நம்ம ஊர் கேஸுக்கு வர்றேன். திருப்பூர். பனியன், டாலர் சிட்டி, பையர், ஆர்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேச வந்தது நொய்யல்.

வெள்ளியங்கிரியில பொறந்து, கோவை, திருப்பூர் வழியா போய்க் காவிரியில சேர்ற ஆறு. பருத்தித் துணிக்குச் சாயம் ஏத்த உப்பு நிறைய வேணுமுங்க. துணி அலசின தண்ணி அத்தனையும் ஆத்துக்குப் போச்சு. பாசனத்துக்குன்னு கட்டி 1992 வாக்குல முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குற குட்டையாயிடுச்சு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு. அதுல நிறம் குறைஞ்சுது, உப்பு போகலை. கிணத்துத் தண்ணி கரிச்சா வெள்ளாமை என்னங்க ஆகும்?

1996-ல கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. 2003-ல நொய்யல் ஆயக்கட்டுதாரர்களும், அதாவது ஆத்துப் பாசன நிலக்காரங்களும், போனாங்க. 2004-ல இழப்பீட்டு ஆணையம் 28,000-க்கு மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய்னு கணக்குப் போட்டுச்சு. வகுத்துப் பாருங்க: சராசரியா ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வராது. கெட்டுப்போன மண்ணுக்கும் கிணத்துக்கும் அதுதான் விலை! வருஷத்துக்குப் பல ஆயிரம் கோடிக்கு ஏற்றுமதி பண்ணின ஊருங்க இது.

இன்னொரு கணக்கு. 2006 கடைசியில உயர் நீதிமன்றம், கழிவுத் தண்ணி லிட்டருக்கு 6 பைசால ஆரம்பிச்சு 10 பைசா வரைக்கும் அபராதம் போட்டுச்சு. 2007 ஜூலைக்குள்ள சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாதுன்னும் சொல்லுச்சு. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் விடுற பட்டறைன்னா 6,000 ரூபாய். முதலாளி இடத்துல நீங்க உக்காந்து யோசிங்க: கோடிக்கணக்குல மிஷின் போடுவீங்களா, அபராதத்தைக் கட்டிட்டுத் தள்ளிப் போடுவீங்களா? நான் சொல்ற கேஸ் இதுதான். இந்த இடத்தைத் தாண்டி ஓடிட்டா உங்க அனாலிசிஸுக்கு மார்க் கிடையாது.

தள்ளிப் போட்டதுக்கு விலை இருந்துச்சு. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் மூணே மாசம் கெடு குடுத்துச்சு. அதுலயும் சரியாகாம, 2011 ஜனவரி 28-ம் தேதி எல்லாச் சாயப்பட்டறையையும் மூடி கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நூத்துக்கணக்கான பட்டறைங்க. கூலிக்குப் போனவங்களுக்கு வேலை போச்சு. ஆனா தள்ளிப் போட முடிவெடுத்தது அவங்க இல்லைங்களே.

அதோட திருப்பூர் அழிஞ்சுடும்னு சொன்னாங்க. அழியலை. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, தண்ணியைத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிற ஏற்பாடு வந்துச்சு. இன்னிக்கு வெளிநாட்டு பையர்கிட்ட அதையே பெருமையாச் சொல்றாங்க. அப்போ முடியாதுன்னு சொன்னது எதுக்குங்க? செலவு அடுத்தவன் தோட்டத்துல விழுந்துட்டிருந்த வரைக்கும் முடியாதுதான்.

சுருக்கிச் சொல்றேன். முடிவெடுக்கிறவரைச் சொல்லுங்க, வழிகளை எடை போடுங்க, தீர்ப்புக் குடுங்க. அதோட, எடுக்கிற முடிவுக்குக் காசு கட்டுறது யாருன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கோணும். என்னைக் கேட்டா, திருப்பூரைப் பத்தின நல்ல கேஸ் அனாலிசிஸை எழுதினது எந்த பிசினஸ் ஸ்கூலும் இல்லை. அந்த விவசாயிங்களோட மனுதான். தங்கச்சி, அசைன்மென்ட் எழுதறதுக்கு முன்னாடி 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படிச்சுடுங்க.