தலையாட்டியதன் பொருள்



இரண்டாம் ஆண்டு தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் என்ட்ரோப்பியை விளக்கிவிட்டு, சார் "புரிஞ்சுதா?" என்பார். அறுபது தலைகளும் பக்கவாட்டில் ஆடும். அவருக்கு அது "புரிந்தது". எங்களுக்கோ "கேட்டுக்கிட்டிருக்கோம் சார்" என்ற மரியாதை.

வைவாவில் நான் தலைகுனிந்து நின்றேன். பெரியவங்க கண்ணை நேரே பார்க்காதே என்று வீட்டில் வளர்த்த பழக்கம். "படிக்காம வந்திருக்கான்" என்று அவர் எடுத்துக்கொண்டார். அரியர் விழுந்தது.

இன்று ஆலையில் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நான்தான் சார். ஒருவன் தலையாட்டிவிட்டுப் போய் வேறு நீராவி வால்வைத் திறந்துவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, "நீயே சொல்லிக்காட்டு, தம்பி" என்கிறேன்.

சார், அன்று எனக்கு உங்கள்மேல் கோபம். இன்று இல்லை. நானும் வாய் திறந்திருக்கலாம்.